கேட்டுவிட்டுப் போட்ட வீடு

செயலாளர் ஊர்க் கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுவிட்டு, தனக்கு ஒன்றை மட்டும் சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொண்டார். வட்டத்தில் உட்கார அவருக்கு முகமில்லை. நிலப் பராமரிப்புக் குழுவுக்கு இன்னும் அவர்தான் செயலாளர். ஊர் வாயில் மட்டும் 'வேலிக்காரர்' ஆகிவிட்டார்.

அந்தப் பேர் சும்மா வரவில்லை. ஓடைக்கரை மழைக்கு மழை இடிந்துகொண்டே போனது. மரம் நட்டு முள்கம்பி வேலி போட்டால் கரை நிற்கும் என்று நகரத்து அலுவலகத்தில் வரைபடம் போட்டுக் கொடுத்தார்கள். இவர் அதைக் கூடத்துச் சுவரில் ஒட்டி, "எல்லாரும் பாத்துக்குங்க" என்றார். அதற்குப் பேர் கலந்தாலோசனையாம்! மரங்கள் என்னவோ நன்றாகத்தான் வந்தன. ஆனால் அக்கரையில் குடியிருந்த அவருடைய தம்பியின் மனைவி கன்றிலிருந்து வளர்த்த சினைமாடு, பழகின துறையில் தண்ணீர் குடிக்கப் போய்க் கம்பியில் சிக்கிச் செத்தது.

அன்றோடு தம்பி பேச்சை நிறுத்தினான். குழுவிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மனைவி இறந்தபிறகு இவர் சாப்பிட்டதே தம்பி வீட்டில்தான். இப்போது ஒற்றை ஆளுக்குச் சோறு வடித்து, அதிலும் பாதியைக் கொட்டுகிறார். சாப்பிடும்போது ரேடியோவைச் சத்தமாக வைப்பார். வீட்டில் யாராவது பேசிக்கொண்டிருக்கட்டும் என்றுதான்.

குழுவுக்குப் புதிதாக வந்த அதிகாரி அம்மா வேறு மாதிரி. "சார், இந்தத் தடவ நாம எதையும் வரைஞ்சு எடுத்துட்டுப் போக வேண்டாம். வெறுந்தாள விரிப்போம். வேலி எங்க, துறை எங்கன்னு ஊர்க்காரங்களே வரையட்டும்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "நீங்க மட்டும் பேனாவத் தொடக்கூடாது."

அதற்குத்தான் இந்தக் கூட்டம். ஆட்கள் வந்தார்கள். மேசை நிறைய விரித்திருந்த தாளைச் சுற்றி நின்றார்களே தவிர, யாரும் பேனாவை எடுக்கவில்லை.

"போன தடவ வரைஞ்சதக் காட்டி ஏமாத்துனாங்க. இப்ப வெறுந்தாளக் காட்டியே ஏமாத்தப் போறாங்களா?" என்றார் டீக்கடைக்காரர். கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் தம்பி உள்ளே வந்தான். சுவர்ப் பக்கம் திரும்பாமல் நேராகப் போய்ப் பேனாவை எடுத்தான்.

ஓடையை வரைந்தான். துறையைப் போட்டான். "துறைய அடைக்காம ரெண்டு பக்கமும் வேலிய இழுத்துக்கலாம்ல?" என்றது ஒரு குரல். "அப்ப என் வயலுக்குள்ள மாடு எறங்குமே, நீயா வந்து ஓட்டுவ?" என்றது இன்னொன்று. சண்டை களைகட்டியது. இப்படி ஒரு சண்டையை அந்தக் கூடம் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! செயலாளர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். இக்கரையில் டீக்கடை வந்தது, அரவை மில் வந்தது, அடுத்தடுத்து வீடுகள் வந்தன. மில்லுக்குப் பக்கத்தில் மட்டும் வெள்ளையாக விட்டிருந்தான்.

அது அவருடைய வீடு இருக்கும் இடம். எல்லோரும் பார்த்தார்கள். செயலாளர் தன் கைகள் பேனாவுக்குப் போய்விடுமோ என்று தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.

தம்பி நிமிர்ந்தான். "உங்க வீட்ட எங்க போடணும்?"

ஒரு காலத்தில் 'நீ, வா, போ' என்று உரிமையாகப் பேசியவன். இப்போது வழிப்போக்கனிடம் கேட்பதுபோல் 'உங்க'.

"அது உனக்குத் தெரியாதாப்பா? நீயும் பொறந்த வீடுதான்."

"தெரியும். கேக்காமப் போடக்கூடாதில்ல?"

 செயலாளர் எழுந்து வந்து, விரலால் மில்லின் பக்கத்தைக் காட்டினார். தம்பி அங்கே ஒரு வீட்டைப் போட்டான், வாசலோடு.

"துறையிலேருந்து ஒத்தையடிப் பாத ஒண்ணு..." என்று இழுத்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓடிய பாதை அது. வேலி வந்த அன்றே மூடிப்போனது.

பேனா தாளுக்கு மேலே அப்படியே நின்றது. பிறகு தம்பி அதை மூடி வைத்தான். "அது உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் போற பாத. நான் மட்டும் முடிவு பண்ண முடியாது. அந்த மாட்ட வளத்தவ வீட்டுல இருக்கா. அவளையும் கேக்கணும்."

'உன் வீடு' என்று வாயில் வந்ததை அவன் கவனித்தானோ என்னவோ, இவர் கவனித்தார்.

வீட்டுக்கு வந்து வழக்கம்போல ஒற்றை ஆளுக்குச் சோறு வடித்தார். தட்டில் போட்டுக்கொண்டு துறையைப் பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்தார். ரேடியோவைப் போடவில்லை. அந்தப் பக்கமிருந்து யாராவது கூப்பிட்டால் காதில் விழ வேண்டுமே.