பன்னிரண்டாவது ஆள்

அந்தச் சமுதாயக் கல்லூரியில் தொழில்முனைவு வகுப்பு எடுக்கும் டீச்சருக்கு அந்த வாரம் முழுக்க இருப்புக் கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை பத்து மணி வகுப்புக்கு அலுவலகத்திலிருந்து ஆள் வந்து தலைகளை எண்ணுவார். பன்னிரண்டு இருந்தால் வகுப்பு உண்டு. பதினொன்று என்றால் வகுப்பும் இல்லை, தற்காலிக ஆசிரியையான அவளுக்கு வேலையும் இல்லை. பட்டியலில் சரியாகப் பன்னிரண்டு பேர்தான். யாராவது தும்மினால்கூட, வெள்ளிக்கிழமை வந்துவிடுவீர்கள்தானே என்று விசாரித்தாள்.

புதன்கிழமை பார்த்துத்தானா அந்த நல்ல சேதி வர வேண்டும்? உடைந்த சுழல் நாற்காலிகளைச் சரிசெய்கிற பெண்ணொருத்தி வகுப்பில் இருந்தாள். எல்லாருக்கும் அவள் நாற்காலி அக்கா. ஒரு மருத்துவமனையில் நாற்பது நாற்காலிகள் சக்கரம் கழன்று கிடக்கின்றனவாம், வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நேரில் வரச் சொன்னார்களாம். இனி வகுப்புக்கு நேரம் இருக்காது, பெயரை எடுத்துவிடுங்கள் என்று சிரிப்பும் தயக்கமுமாகச் சொன்னாள். தொழில் சொல்லிக்கொடுக்கிற வாத்தியாருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? டீச்சருக்கோ முகம் செத்துப்போனது.

உள்ளதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். படித்த வாய்க்கு அது அவ்வளவு லேசில் வருமா? பேனாவை எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் திரும்பினாள். கூப்பிட்டதும் ஓடினால் நமக்கு வேறு பிழைப்பே இல்லை என்று நினைப்பார்கள், விலையை அடித்துக் கேட்பார்கள், திங்கட்கிழமை வருகிறேன் என்று சொன்னால் மதிப்பு கூடும் என்று அதைப் பாடமாகவே நடத்திவிட்டாள். வகுப்பே மாங்கு மாங்கென்று எழுதிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை ஆள் வந்தார், எண்ணினார், தலையாட்டிவிட்டுப் போனார். முன்வரிசையில் நாற்காலி அக்கா உட்கார்ந்திருந்தாள். வகுப்பு பிழைத்தது. ஆனால் சனியும் ஞாயிறும் டீச்சருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்குள்ளேயே கூடத்துக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை மற்றவர்கள் வருவதற்கு முன்பே அக்கா வந்துவிட்டாள். மருத்துவமனைக்குப் போய்விட்டுத்தான் வந்திருந்தாள். வெள்ளிக்கிழமையே இன்னொருவர் வந்து, நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாராம். அவளிடம் கோபமே இல்லை, அதுதான் கொடுமை. நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நீங்க சொன்ன மாதிரியேதான் பேசினேன் டீச்சர். எந்த இடத்துல தப்பு பண்ணேன்?"

இனியும் பூசி மெழுக முடியாது. டீச்சர் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"நீங்க ஒரு தப்பும் பண்ணல. அன்னிக்கு ஒரு ஆள் குறைஞ்சா வகுப்பை மூடிடுவாங்க, எனக்கு வேலை போயிடும். அதுக்காகத்தான் உங்களைப் பிடிச்சு வச்சேன்."

அக்கா நோட்டை மூடி வைத்தாள். திட்டுவாள் என்று டீச்சர் காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"இதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன? என் நாத்தனார் இந்த வகுப்புல சேரணும்னு எத்தனை நாளா என்னை நச்சரிச்சிட்டிருக்கா. ஒரு போன் பண்ணியிருந்தா வந்து உட்கார்ந்திருப்பாளே."