அவிட்டத்து அடைப்பு

என் பிள்ளை பிரேம்குமார் செத்த அன்றைக்கு அவிட்டம். பஞ்சாங்கம் பார்க்கிறவர் வந்து, ஆறு மாதம் அடைப்பு, அவன் புழங்கின அறையைப் பூட்டிவிடுங்கள், உள்ளே வெளிச்சம் மட்டும் அணையக்கூடாது என்றார். எனக்குப் பஞ்சாங்கத்திலும் நம்பிக்கை இல்லை, அந்த ஆள் மேலும் இல்லை. ஆனால் பிள்ளைச்சாவடி ரோட்டில் லாரிக்குப் பிள்ளையைக் கொடுத்துவிட்டு வந்தவளிடம் என்ன வாதாடுவது? என் பெண்சாதி அஞ்சலாட்சி பூட்டச் சொன்னாள். பூட்டினேன். உள்ளே கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்ததை ஒருத்தரும் கவனிக்கவில்லை.

பூட்டின பிறகு விளக்கேற்ற யார் உள்ளே போவது? கதவடியில் நீலமாக வெளிச்சம் கசிந்தது. அதுதான் விளக்கு என்று அவளே முடிவு செய்துகொண்டாள். கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற ஃபேன் சத்தம் வேறு, ஒருத்தர் மூச்சு விடுகிறமாதிரி. அவன் வேலை செய்யும்போதும் அந்தச் சத்தம்தான் கேட்கும். அன்றிலிருந்து அஞ்சலாட்சி கதவை விட்டு நகரவில்லை. அவள் மீன் விற்கிற கூடை கவிழ்த்தது கவிழ்த்தபடி கிடந்தது. குருசுக்குப்பத்தில் அவள் வாய்க்குப் பயப்படாத ஆள் இல்லை. அப்படிப்பட்டவள் பேச்சை விட்டுவிட்டாள். டீ போட்டால் ஒரு டம்ளரைக் கதவோரம் வைப்பாள். ஆறிய டீயை நான் எடுத்து ஊற்றுவேன்.

பிள்ளை போய்விட்டான். இவளையாவது அந்தக் கதவிடமிருந்து மீட்க வேண்டும். எனக்கு இருந்தது அந்த ஒரு கவலைதான்.

மாசி மாதம், அடைப்பு முடிய இன்னும் ஒரு மாதம் இருக்கும்போது, அவன் கம்பெனியிலிருந்து சங்கவி என்று ஒரு பெண் வந்தாள். சாவுக்கு மாலையோடு வந்து, மாலையைப் போட்ட கையோடு ஆபீஸ் அட்டையைத் திருப்பிக் கேட்ட கம்பெனி அது. வாசலிலேயே நிறுத்தினேன்.

"இன்னா வேணும்?"

"பிரேம் அண்ணன் கம்ப்யூட்டரைக் கொஞ்சம் பார்க்கணும் அங்கிள்."

"எதுக்கு? பொருளை எடுத்துனு போவவா?"

அவள் முகம் வெளுத்திருந்தது. திருட வந்தவள் முகம் இல்லை. உட்காரச் சொன்னேன். எனக்குப் புரிகிறமாதிரி சொல்லு, இல்லாவிட்டால் கிளம்பு என்றேன்.

சொன்னாள். ஒரு கம்ப்யூட்டருக்குள்ளேயே பல கம்ப்யூட்டர் இருக்கிறமாதிரி ஆக்கிவிடுவார்களாம். உள்ளே இருக்கிற ஒவ்வொன்றும் தன்னை நிஜம் என்றே நினைத்துக்கொண்டிருக்குமாம். அவை வெளியே போகவும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வரவும் வழிவிட, நடுவில் ஒரு காவல்காரன். அதற்கு ஃபயர்வால் என்று பெயர். காவல்காரனிலும் பழையவன், புதியவன் என்று உண்டு. எந்தக் காவல்காரன் இருந்தாலும் வேலை நடக்கிறமாதிரி செய்யச் சொல்லி என் பிள்ளையிடம் கொடுத்திருந்தார்கள்.

"அவர் போனப்புறம் நாங்க புதுசைத்தான் வெச்சோம். அது கதவைத் திறக்குது. கொஞ்ச நேரத்துல பழசு வந்து மூடிடுது."

"ரெண்டு பேருல யாரு சொல்றது செல்லும்?"

"ஒருத்தன் போன்னாலும் இன்னொருத்தன் நில்லுன்னா நிக்கத்தான் வேணும் அங்கிள்."

"பழையவனை வெரட்டி வுடு."

"வெரட்டிட்டோம். திரும்ப வருது. இந்த வீட்டு மெஷின்தான் கூப்பிடுதோன்னு போன வாரம் இங்கிருந்து வர லைனையே வெட்டிட்டோம். அப்பவும் மூடுது." குரலைத் தாழ்த்தினாள். "பழசை மொத்தமா வெளிய அனுப்புற புரோகிராம் பகுதியைக் கடைசியா அண்ணன்தான் எழுதினாரு. எங்களுக்கு அனுப்பலை. அது உள்ள இருக்கு."

கதவோரம் உட்கார்ந்திருந்தவள் வாயைத் திறந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு.

"அவன் மூடறான்னா மூடட்டுமே. ஒங்களுக்கு இன்னா அவசரம்?"

"அம்மா, ஒரு நிமிஷம் பார்த்துட்டு..."

"ஆறு மாசம் முடியல. தொறந்தா இன்னோர் உசிரு போவும்."

"போனா என்னுது போவட்டும். வெச்சினு இன்னா பண்ணப் போறேன்?" என்றேன்.

"ஒன்னுது எவனுக்குய்யா வேணும்?" என்றாள்.

திட்டினாளே என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். அந்தத் தைரியத்தில் சாவியை எடுத்தேன். கதவைத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை, வெறும் பெட்டிதான் என்று காட்டினால் எழுந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். அவள் என் கையைத் தட்டிவிடவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பூட்டு உப்புக்காற்றில் இறுகியிருந்தது. திருகித் திறந்தேன்.

உள்ளே இருட்டு.

சங்கவி ஜன்னலைத் தள்ளினாள். வெயில் விழுந்தது. மேஜையில், விசைப்பலகையில், அவன் கழற்றிப்போட்ட சட்டையில் எல்லாம் தூசி. திரை கறுப்பாக இருந்தது. பெட்டியைத் தொட்டேன். கிணற்றுக் கல்லைப்போல் சில்லென்று இருந்தது. அவள் பின்பக்க மூடியைக் கழற்றினாள். கம்பியெல்லாம் பச்சை பூத்து, ஃபேன் துருவேறி இறுகிக் கிடந்தது. விரலால் தள்ளினாள், அசையவில்லை.

"இது நின்னு ரொம்ப மாசம் இருக்கும் அங்கிள்."

"காலையில ஓடிச்சே. நான் கேட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். எழுதினதெல்லாம் தங்கியிருக்கிற தகட்டை மட்டும் உருவிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டாள். கேட்காமலேயே வயரைப் பிடுங்கிவிட்டாள். வாசலில் செருப்பைப் போட நிற்காமல் கையில் எடுத்துக்கொண்டு போனாள்.

கதவைச் சாத்திவிட்டு அஞ்சலாட்சி பக்கத்தில் குந்தினேன்.

"நின்னு போச்சு. எப்பவோ நின்னுருக்கு. துருப்பிடிச்சிக் கெடக்குது. ஏந்திரு, மூஞ்சி கழுவினு வா."

அவள் முந்தானையை இறக்கினாள். எழப்போகிறாள் என்றே நினைத்தேன்.

சாயங்காலம் சங்கவி போன் செய்தாள். தகட்டிலிருந்து அந்தப் பகுதி கிடைத்துவிட்டதாம். போட்டவுடன் பழைய காவல்காரன் போய்விட்டானாம். "இப்ப கதவு மூடலை அங்கிள், தொறந்தேதான் இருக்கு. அண்ணன் சரியாத்தான் எழுதியிருக்காரு." அழுதாள்போல. நல்லது என்று வைத்துவிட்டேன்.

அதை அஞ்சலாட்சியிடம் சொல்லத் திரும்பினேன். அவள் காதைக் கதவோடு வைத்திருந்தாள்.

"நின்னுடுச்சின்னு சொன்னியே" என்றாள்.

எனக்கும் கேட்டது. அதே மூச்சு. கதவடியில் பார்த்தேன், அதே நீலம், தரையில் விரல் அகலத்துக்கு. வயர் சுவரில் இல்லை. பெட்டிக்குள் தகடு இல்லை. என் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவன் நான். மனுஷன், சாமி, பஞ்சாங்கம் எதையும் நம்பாதவன். கையில் சாவி இருந்தது. திறக்கவில்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

"கொஞ்சம் தள்ளி ஒக்காருய்யா, வெளிச்சத்த மறைக்கிற" என்றாள்.

தள்ளி உட்கார்ந்தேன்.