முன்வரிசைப் பாக்கெட்டுகள்

வீட்டில் அவளுக்குக் கணக்குப்பிள்ளை என்று பேர். வைத்தவன் அண்ணன். அவள் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தில் உட்கார்ந்து, எந்தக் கம்பெனியின் பங்கை வாங்கலாம், எதை விற்கலாம் என்று எழுதுகிறவள். அண்ணனுக்கு, பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் சூப்பர் மார்க்கெட் கம்பெனி ஒன்றில் கிளை மேனேஜர் வேலை.

மூன்று மாதத்துக்கு முன் அந்தக் கம்பெனியைப் பற்றியே அவள் எழுத வேண்டி வந்தது. "எங்கண்ணன் அங்க மேனேஜர் சார்" என்று மேலதிகாரியிடம் சொல்லிப் பார்த்தாள். "மேனேஜர்தானே, முதலாளி இல்லையே" என்றுவிட்டார். போட்டிக் கம்பெனிகள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அங்கே வாங்கிப் போட்ட சரக்கு விற்றுத் தீர ஒரு மாதம் ஆகிறது. இங்கே அதில் பாதிதான். லாபத்தோடு ஒப்பிட்டால் பங்கு விலையும் மலிவு. சரக்கைத் தேங்கவிடாத கம்பெனி, தைரியமாக வாங்கலாம் என்று அடித்துச் சொன்னாள். எல்லோரும் பாராட்டியதில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

இப்போது புதுக் கணக்கு வந்திருந்தது. விற்பனை விழுந்திருக்கிறது. சரக்கு மட்டும் முன்னைவிட வேகமாகத் தீர்கிறதாம். வாங்க ஆளில்லாத கடையில் சரக்கு எப்படி ஓடும்? சப்ளையர்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி வேறு ஏறிக் கிடந்தது. மத்தியானச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு அண்ணனின் கிளைக்குக் கிளம்பினாள். போன தடவை செய்யாத காரியம் அது. கம்ப்யூட்டர் இருக்கக் கடை எதற்கு என்று இருந்துவிட்டாள் மகராசி.

கடை பளிச்சென்று இருந்தது. ரேக்குகளில் இடுக்கு விடாமல் பாக்கெட்டுகள். அப்பாடா என்று மூச்சு விட்டவள், சோப்புத்தூள் பாக்கெட் ஒன்றைக் கையில் எடுத்தாள். பின்னால் ஒன்றுமில்லை, ரேக்கின் தகடுதான் தெரிந்தது. அடுத்ததை எடுத்தாள். அங்கேயும் தகடு. கையை முழங்கை வரை விட்டுத் துழாவினாள். தூசிதான் ஒட்டியது.

"கணக்குப்பிள்ளை கடை ஏறி வந்திருக்காங்க! என்னம்மா, ரெய்டா?" அண்ணன் வந்துவிட்டான்.

"பின்னாடி ஒண்ணுமே இல்லயேண்ணா?"

"வர்றதே அவ்வளவுதான். காலி ரேக்கைப் பாத்தா ஜனம் வேற கடைக்குப் போயிடும். அதான் இருக்கிறதை முன்னாடி இழுத்து வைக்கிறோம். உள்ள குடோனைப் பாரு, பந்து விளையாடலாம்."

"எத்தனை நாளா?"

"ஆறேழு மாசம் இருக்கும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நானும் முதல்ல பயந்துதான் போனேன், கம்பெனி ஊத்திக்கப் போகுதுன்னு. அப்புறம் நீ எழுதினதைப் படிச்சேன். சரக்கு வேகமா ஓடுதுன்னு போட்டிருந்தியே! ஓ, வித்துத் தீருது, அதான் காலியா இருக்குன்னு புரிஞ்சுது. நான் பாக்கிறது ஒரு கடை, நீ எல்லாக் கடையையும் பாக்கிறவ இல்லையா?"

பாக்கி வராத சப்ளையர்கள் சரக்கு அனுப்புவதைக் குறைத்திருக்கிறார்கள்; கடையில் சரக்கே இல்லாததைத்தான் அவள் வேகமாக விற்பதாக எழுதித் தொலைத்திருந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"அதுக்கப்புறந்தான் தைரியமே வந்துச்சு. எங்களுக்கெல்லாம் சலுகை விலையில ஷேர் குடுத்தாங்க. வீடு வாங்க வச்சிருந்ததை அப்படியே போட்டுட்டேன். உங்க அண்ணிதான் வேண்டாம்னு ஒரே சண்டை."

"வித்துடுண்ணா. இன்னைக்கே வித்துடு. நாளைக்கு நான் எழுதப்போறது வேற." எழுதப்போவதை முன்கூட்டியே வெளியில் சொன்னதற்கே அவள் வேலை போய்விடும். போனால் போகட்டும் என்றிருந்தது.

"சலுகை விலைன்னா சும்மாவா? ரெண்டு வருஷத்துக்கு விக்க முடியாது." அண்ணனின் சிரிப்பு பாதியில் நின்றது. "ஏன், என்னாச்சு?"

அதற்குள் ஒரு அம்மாள் வந்து சோப்புத்தூள் பாக்கெட் ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். முன்வரிசையில் ஓட்டை விழுந்தது. அண்ணன் பழக்கதோஷத்தில் பக்கத்துப் பாக்கெட்டைத் தள்ளி அதை மூடப் போனான். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது.

"எழுதாம இருக்க முடியாதா?" என்றான், மெதுவாக.

"எழுதலைன்னா இன்னும் நாலு பேர் என்னை நம்பி வாங்குவாங்கண்ணா."

அவன் தலையாட்டினான். ஓட்டையை மூடாமலே கையை எடுத்துக்கொண்டான்.

"வீட்டுக்கு வந்து அண்ணிகிட்ட நீயே சொல்லிடும்மா. உன் பேரைச் சொல்லித்தான் அவ வாயை அடைச்சேன்."