முட்டியில் கத்தி பட்டவன்

பஞ்சைத் தண்ணீரில் நனைத்து ஜானீன் அப்பாவின் உதட்டை ஒற்றிக்கொண்டிருந்தபோதே கட்டிலின் இரண்டு பக்கமும் சண்டை மூண்டுவிட்டது.

"காலவே மாதிரி பந்து எறியறவன் பத்து வருஷத்துக்கு ஒருத்தன்தான் வருவான். அவனை விட்டுட்டு ஒரு தடியனை எடுக்கச் சொல்றியே, உனக்கு மூளை இருக்கா?" என்றார் பெர்னி.

"எறியறவனைக் காப்பாத்த முன்னால ஆள் வேணாமா? போன வருஷம் நம்ம ஆளு எத்தனை தடவை மண்ணைக் கவ்வினான், எண்ணினியா? ஆஷ்பி நின்னா சுவரு மாதிரிடா," என்றார் கர்டிஸ்.

"சுவருதான். முட்டியில தையல் போட்ட சுவரு."

ஏப்ரல் கடைசி வியாழக்கிழமை. அமெரிக்கக் கால்பந்தில் கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் ஒவ்வொன்றாக முறை வைத்துப் பொறுக்கியெடுக்கும் டிராஃப்ட் அன்று மாலை எட்டு மணிக்கு. போன வருஷம் தோற்றுத் தோற்று ஊர் மானத்தை வாங்கிய இவர்கள் அணிக்கு ஐந்தாவது முறை. முப்பது வருஷமாக இந்த நாளில் நண்பர்கள் மூன்று பேரும் ஜானீனின் அப்பா எமில் ஹ்ராபக்கின் சமையலறை மேசையில்தான் உட்காருவார்கள். எமிலும் கர்டிஸும் மாவட்ட நிர்வாகத்தின் பனி அள்ளும் வண்டிகளை ஓட்டியவர்கள். பெர்னி இருவருக்கும் முடி வெட்டியவர். இந்த வருஷம் எமில் மேசைக்கு வர முடியாது. நுரையீரல் கைவிட்டுவிட்டது. மருத்துவமனை வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டதால் முன்னறையில் இரும்புக் கட்டிலும், மூச்சுக்கு உதவும் இயந்திரமும், காலையில் வந்துபோகும் நர்ஸும். அதனால் சண்டை கட்டிலுக்கே வந்திருந்தது.

"மெதுவாப் பேசுங்களேன்," என்றாள் ஜானீன்.

"வேணாம்," என்றார் எமில், கண்ணைத் திறக்காமலே. "கத்தட்டும். இல்லேன்னா செத்துட்டேன்னு நெனச்சுக்குவேன்."

பெர்னி சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

ஜானீனின் அண்ணன் டேல் சமையலறை வாசலில் காப்பிக் கோப்பையோடு நின்றிருந்தான். அரிசோனாவிலிருந்து வந்து இரண்டு நாளாகிறது. தலையணையை உயர்த்தட்டுமா, மாத்திரை நேரமாச்சு, ஜன்னலைச் சாத்தட்டுமா. அப்பாவிடம் அவன் பேசியது அவ்வளவுதான். முன்பு தொலைபேசியிலும் அப்படித்தான். இரண்டு நிமிஷம் பேசிவிட்டு, "ஜானீன்கிட்ட குடுங்க" என்பான்.

காரணம் ஜானீனுக்குத் தெரியும். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. டேல் பள்ளி அணியில், ஆஷ்பியைப் போல, எறிபவனைக் காக்கும் முன்வரிசைக்காரன். அன்று, தங்கள் அணிக்கு ஆள் எடுக்கும் பல்கலைக்கழகத்தார் கொலம்பஸிலிருந்து அவன் ஆட்டத்தைப் பார்க்க வருவதாக இருந்த வெள்ளிக்கிழமை. சமையலறை நாற்காலியில் அவன் காலை நீட்டி உட்கார்ந்திருக்க, அப்பா தரையில் குந்தி முட்டியைச் சுற்றி வெள்ளைப் பட்டையை இறுக்கிச் சுற்றினார். "வீங்கியிருக்குப்பா," என்றான் டேல். "கட்டினா நிக்கும். இன்னிக்கு ஒரு நாள்தானே," என்றார் அப்பா. இரண்டாம் பாதியில் அந்தக் கால் மடங்கிய விதத்தை ஜானீன் மேலே பார்வையாளர் இருக்கையிலிருந்து பார்த்தாள். பல்கலைக்கழகத்திலிருந்து அதன் பிறகு யாரும் வரவில்லை. டாக்டர்கள் இரண்டு முறை கத்தி வைத்தும் கால் பழையபடி ஆகவில்லை. இருபது வயதில் டேல் ஊரைவிட்டுப் போனான். இப்போது அரிசோனாவின் டூசான் நகரில் ஏசி பழுது பார்க்கிறான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஏப்ரலிலும் மேசையில் யார் பெயர் அடிபட்டாலும் எமில் கேட்கும் முதல் கேள்வி அவன் முட்டியைப் பற்றித்தான். கத்தி பட்டிருந்தால் வேண்டாம். எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும் வேண்டாம். நண்பர்கள் அதை வைத்துப் பல வருஷம் கேலி பேசியிருக்கிறார்கள்.

"நீயே சொல்லு, எமில்," என்றார் பெர்னி. "காலவேயா, ஆஷ்பியா?"

"இவன் என்ன சொல்வான்னு எனக்குத் தெரியாதா?" கர்டிஸ் குரலைக் கட்டையாக்கி எமிலைப் போலவே பேசினார். "'முட்டியில கத்தி பட்டவன் நமக்கு வேணாம்பா. அவனை வீட்டுக்கு அனுப்பு.'"

எமில் கண்ணைத் திறந்தார். மூக்கில் செருகிய குழாயை ஜானீன் சரிசெய்யப் போனாள். அவர் அவள் கையை விலக்கினார்.

"அந்தப் பையனைக் கேட்டாங்களா?"

"எந்தப் பையனை?"

"ஆஷ்பியை." மூச்சு வாங்கியது. "ஓட விட்டாங்க. எடை போட்டாங்க. முட்டியைப் படம் புடிச்சாங்க. வலிக்குதாடான்னு... யாராவது கேட்டாங்களா?"

பெர்னி தன் ஷூ முனையைப் பார்த்தார். இயந்திரம் மட்டும் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. எமிலின் பார்வை ஜானீனைத் தாண்டிச் சமையலறை வாசலில் போய் நின்றது.

டேல் கோப்பையை அலமாரி மேல் வைத்தான். மெதுவாக வந்தான். பெர்னி எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தார். டேல் உட்கார்ந்து இடது காலை நீட்டிக்கொண்டான்.

"மழை வந்தா வலிக்கும்பா," என்றான். "மத்தபடி பரவால்ல."

"அங்க மழை கம்மிதானே."

"கம்மிதான்."

எமில் தலையை அசைத்தார். இன்னும் ஏதோ சொல்லப்போகிறார் என்று ஜானீன் காத்திருந்தாள். அவர் போர்வைக்கு வெளியே கிடந்த கையைக் கொஞ்சம் நகர்த்தினார். அது டேலின் முழங்கால் வரை எட்டவில்லை. டேல் நாற்காலியை ஓர் அடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

கர்டிஸ் பெர்னியின் தோளைத் தொட்டார். இருவரும் சமையலறைக்குப் போனார்கள். குழாயைத் திறந்து, கழுவ வேண்டாத பாத்திரங்களை யாரோ கழுவும் சத்தம் கேட்டது.

மாலை நாலே கால் மணிக்கு எமிலின் மூச்சுகளுக்கு இடையில் இடைவெளி நீண்டது. ஒன்று வந்ததும், அடுத்தது வரும்வரை ஜானீன் எண்ணத் தொடங்கினாள். இருபது வரை எண்ணியும் வரவில்லை. அப்பாவின் கை மேல் வைத்திருந்த கையை எடுக்காமலே டேல் அவளைப் பார்த்தான். அவள் போய் இயந்திரத்தை நிறுத்தினாள். அந்த அமைதி வீட்டுக்குள் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

ஜானீன் கூப்பிட்டதால் ஆறு மணிக்கு நர்ஸ் வந்து, இறந்த நேரத்தை எழுதிக்கொண்டு போனாள். உடலை எடுத்துப்போகும் சவ அடக்க நிலைய வண்டி வர எட்டு மணிக்கு மேலாகும் என்றார்கள். ஜானீனே அப்பாவின் தலையை வாரிவிட்டாள். பெர்னி கத்தரிக்கோல் கேட்டு வாங்கி, காதோரம் நீண்டிருந்த முடியைச் சீராக்கினார். அதற்கு வெகு நேரம் எடுத்துக்கொண்டார்.

பிறகு நால்வரும் சமையலறையில் உட்கார்ந்தார்கள். டிவியை யாரும் தொடவில்லை. எட்டு மணி தாண்டியதும் டேல் எழுந்து போய்ப் போட்டான். சத்தத்தை மட்டும் அடக்கிவிட்டான்.

"வேணாம்ப்பா," என்றார் கர்டிஸ்.

"அவர் இருந்தா பார்த்திருப்பாரில்ல?"

ஐந்தாவது முறை வந்தது. திரையில் எழுத்து விழுந்தது. ஆஷ்பி. ஒரு பெரிய உடம்புக்காரப் பையன் தன் வீட்டு சோபாவில் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தான். வாதத்தில் ஜெயித்தது கர்டிஸ்.

"நீ சொன்னதுதான் ஆச்சு," என்றார் பெர்னி.

"ம்."

"நல்லா ஆடட்டும்," என்றான் டேல்.

வண்டியின் விளக்கு ஜன்னலில் விழுந்தது. கோட்டு போட்ட இருவர் வந்தார்கள். ஒருவர் எமிலின் வயதுக்காரர். எமிலைக் கிடத்திய தூக்குப் படுக்கையை முன்வாசல்வரை உருட்டினார்கள். அதற்கப்புறம் நான்கு படிகள். தூக்கித்தான் இறக்க வேண்டும்.

"நான் முன்பக்கம் பிடிக்கிறேன்," என்றான் டேல்.

பெரியவர் அவன் நடையைப் பார்த்திருந்தார். "நாங்க பார்த்துக்குவோம் தம்பி," என்றார்.

"நான் பிடிக்கிறேன்."

கர்டிஸும் பெர்னியும் பக்கத்துக்கு ஒருவராகப் போய் நின்றார்கள். ஜானீன் வலைக்கதவைத் திறந்து முதுகால் தாங்கிக்கொண்டாள். டேல் இடது காலைக் கீழ்ப்படியில் வைத்தான், வலது காலையும் அதே படிக்குக் கொண்டுவந்து சேர்த்தான், நின்றான். மற்றவர்களும் நின்றார்கள். பிறகு அடுத்த படி. மறுபடி இரண்டு காலும் சேரும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை.