வண்டி நிற்காத கடை

ஊரில் அவருக்குப் பெயர் பாதி. பெற்றவர்கள் வைத்தது வேறு. குர்ஆனின் முப்பது பாகங்களில் பதினைந்தை மனனம் செய்துவிட்டு, அம்மா நினைப்பு தாங்காமல் பதினாலு வயதில் மதரஸா விடுதியின் மதிலேறிக் குதித்து வீட்டுக்கு ஓடி வந்தவருக்கு ஊர் கொடுத்த பட்டம் அது. இப்போது ஐம்பது வயது, சொந்தமாக டீக்கடை, மருமகன் எல்லாம் ஆகிவிட்டது. பெயரை மட்டும் யாரும் முழுசாக்கவில்லை.

மதரஸாவுக்கு மதிலை ஒட்டியே ஒரு பேக்கரி உண்டு. விடுதிப் பிள்ளைகளின் சாப்பாடு அதை நம்பித்தான். அங்கே ஓதி முடித்துப் போனவர்கள்தான் ரொட்டியைத் தங்கள் கடைகளில் வைத்து விற்றார்கள். டயர் கடை வைத்திருந்த ஒருவர்கூடக் கல்லாவுக்குப் பக்கத்தில் ரொட்டியை அடுக்கியிருந்தார். டயர் வாங்க வருகிறவன் ரொட்டி வாங்குவானா என்று கேட்டால், வாங்காமல் எப்படிப் போகிறான் என்று பார்த்துவிடுகிறேன் என்பார். பொழுது விடிந்ததும் பச்சை வண்டி ஒன்று இவர்கள் கடைகளில் எல்லாம் நின்று நின்று போகும். பாதியின் கடையைத் தாண்டும்போது மட்டும் வேகமெடுக்கும்.

ஓதி முடிக்காதவன் கடையில் அது ஏன் நிற்கப்போகிறது என்று அவரே தீர்ப்பு எழுதிக்கொண்டார். ஆனால் விடவும் மனசில்லை. பதினோரு வருடமாக, அதிகாலைத் தொழுகை முடிந்த கையோடு சைக்கிளை மிதித்துப் போய், பேக்கரி ஜன்னலில் நின்று இரண்டு தட்டு ரொட்டி வாங்கி வந்தார். சூடு ஆறும்வரை கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். உள்ளே பிள்ளைகள் ஓதுவது கேட்கும். தெரிந்த பாகம் என்றால் உதடு தானாக அசையும். தெரியாத பாகம் வந்தால் இல்லாத தூசியைச் சைக்கிளிலிருந்து துடைத்துக்கொண்டிருப்பார். அந்தக் கால் மணி நேரத்துக்கு முந்தின நாள் சாயங்காலமே மனசு ஏங்கத் தொடங்கிவிடும். வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள் என்று வாயே திறந்ததில்லை.

பேக்கரியைப் பார்த்துக்கொள்பவரை நெட்டை என்பார்கள். விடுதியில் இருவருக்கும் ஒரே பாய். மதிலேறத் தோள் கொடுத்ததும், மறுநாள் அதற்குப் பிரம்படி வாங்கியதும் அவர்தான். இத்தனை வருடத்தில் இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. ஸலாம் சொல்வார்கள், சூடு பார்த்து எடு என்பார் நெட்டை, அதோடு சரி.

இப்படியே போயிருக்கும். முட்டி வலி வந்தது, பின்னாலேயே ஒரு கம்பெனி ரொட்டிக்காரனும் வந்தான். கடை வாசலிலேயே இறக்குகிறோம், கண்ணாடி அலமாரி இலவசம் என்று தேன் தடவிப் பேசினான். நாளைக்கு வந்து முடிவு கேட்பானாம்.

"யாருக்காக இப்படி மிதிக்கிறீங்க?" என்றாள் மனைவி. "அவங்க உங்களை ஒரு ஆளாவே நினைக்கலையே."

உண்மையாக இருந்ததால்தான் அது அவ்வளவு வலித்தது. இரவெல்லாம் புரண்டு படுத்துவிட்டு, இரண்டில் ஒன்று கேட்டுவிடுவது என்று விடிந்ததும் போய் ஜன்னலில் நின்றார்.

"வண்டி எல்லாக் கடையிலயும் நிக்குது, என் கடையில நிக்கல. முடிக்காதவன்னுதானே? வாயால சொல்லிடு. நாளையிலருந்து நான் வரல."

நெட்டை கையிலிருந்த மாவைத் துடைத்தார். துடைக்க ஒன்றுமில்லாமல் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"டிரைவர் ரெண்டு தடவை கேட்டான், உன் கடையில நிறுத்தவான்னு. நான்தான் வேணாம்னேன்."

"ஏன்?"

"வண்டி அங்க வந்துட்டா, நீ இங்க வர மாட்டியேடா."

நெட்டை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார். "நீ போன பிறகு ரெண்டு வருஷம் உன் இடத்தை விட்டுத்தான் படுத்தேன். நீ திரும்பி வந்துடுவேன்னு நினைச்சேன். அப்புறம் எத்தனையோ வருஷம் கழிச்சு ஒரு நாள் சைக்கிள்ல வந்து நின்ன. மறுபடியும் போயிடுவியோன்னு பயம். வேற ஒண்ணுமில்ல."

தெருப்பக்கம் பச்சை வண்டி கிளம்பத் தயாராக உறுமியது. நெட்டை அதை எட்டிப் பார்த்தார்.

"தாங்கித் தாங்கி நடக்கிற, தெரியுது. நான் நினைச்சது தப்புதான். நாளைக்கே அனுப்பிடறேன்."

பதினோரு வருடம் கேட்கத் தவித்த சொல். அது காதில் விழுந்ததும் பாதிக்கு உள்ளே பிள்ளைகள் ஓதுவதுதான் கேட்டது. சட்டென்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அனுப்பிடாதேடா," என்றார்.