பாலுக்கு ஏது மூலை

பால் மாவு டப்பா வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து அன்புச்செல்விக்கு அதை வைத்த அலமாரிப் பக்கம் திரும்பவே பிடிக்கவில்லை. வாங்கி வந்தது அவள் கணவன் பிரான்சிஸ். வாங்கச் சொன்னது மாமியார் மரியபுஷ்பம்.

“உன் பாலு புள்ளைக்கு ஒத்துக்கலம்மா. சொன்னா உனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா கழுத்தைப் பாரு, எப்படித் தடிச்சிக்கினு இருக்குது! திங்கக்கிழமையிலேர்ந்து டப்பா பாலு குடுத்துப் பாக்கலாம்.”

மரியபுஷ்பம் கெட்டவள் இல்லை. பேத்தி செலின் சிணுங்கினால் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடி வருகிறவள். குழந்தையின் கழுத்தில் சிவப்பைப் பார்த்ததும் முதலில் மருமகள் தின்னும் வேர்க்கடலையை, அவர்கள் பேச்சில் மல்லாட்டையை, நிறுத்தினாள். பிறகு கத்திரிக்காய், பிறகு கருவாடு. சிவப்பு போகவில்லை. கடைசியில் நிறுத்துவதற்குப் பாலைத் தவிர வேறொன்றும் மிச்சமில்லை.

அன்புச்செல்வி எதிர்த்துப் பேசவில்லை. என்ன சொல்லிப் பேசுவது? கோலியனூரில் அம்மா வீட்டில் மூன்று மாதம் இருந்தபோது செலினுக்கு ஒரு பொட்டுச் சிவப்புகூட இல்லை. திண்டிவனம் வந்த பிறகுதான் எல்லாம். தன் உடம்புதான் ஏதோ மாறிவிட்டதோ என்று அவளே தனியாக இருக்கும்போது பயந்துகொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்து வந்து, குழந்தையைக் காலில் குப்புறப் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். ஈரம் பட்டதும் சிவப்பு இன்னும் பளிச்சென்று தெரிந்தது. பிடரிக்குக் கீழே ஒன்று. இடது இடுப்பில் ஒன்று. மார்பில் இல்லை, வயிற்றில் இல்லை, கன்னத்தில் இல்லை.

கை நின்றது. பிடரியில் இருந்த தடிப்புக்கு நான்கு பக்கம் இருந்தது. தபால் தலையை ஒட்டி எடுத்ததுபோல, நேரான ஓரம், கூர்மையான மூலை.

“அத்தே, இங்க வாங்களேன். பாலுக்கு எங்கியாவது மூலை இருக்குமா?”

“என்னா சொல்றே நீ?” மரியபுஷ்பம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

அன்புச்செல்வியின் விரல் தானாகத் தன் பிடரிக்குப் போயிருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் வேலை பார்த்தது விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடை. அவளுக்கு இரண்டாவது மாடி, சுடிதார் பிரிவு. பெண்களுக்கெல்லாம் ஊதா நிறத்தில் ஒரு மேல்கோட்டு கொடுத்திருந்தார்கள். அதன் கழுத்து லேபிள் நாள் பூராவும் அரிக்கும். உட்கார அனுமதியில்லாத கடை. நின்றபடியே சொறிந்துகொள்வாள். ஒருநாள் தையல் திருத்தும் மேசையிலிருந்த பையன், “கோட்டைக் கழட்டிக் குடுங்க” என்றான். அவள் முறைத்தாள். “தப்பா ஒண்ணும் இல்லீங்க. காலையிலேர்ந்து பாக்கறேன், கழுத்தைப் பிராண்டிக்கினே இருக்கீங்க. நைலான் லேபிளு. ஓரம் முள்ளு மாதிரி நிக்கும்.” கத்தரிக்கோலால் வெட்டவில்லை அவன். வெட்டினால் அடிக்கட்டை நின்று இன்னும் குத்துமாம். சின்னக் கத்தியால் ஒவ்வொரு தையலாகப் பிரித்து எடுத்தான். கோட்டைத் திரும்பப் போட்டபோது கழுத்தில் காற்று பட்டதுபோல இருந்தது. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவளாகவே தேடிப் போய் அவனுக்கு மாங்காய் ஊறுகாய் கொடுத்தாள். அந்தப் பையன்தான் பிரான்சிஸ்.

குழந்தையைத் துவட்டி மாமியார் மடியில் கொடுத்துவிட்டு, அவிழ்த்துப்போட்ட சட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பிடரியில் ஒரு லேபிள். இடுப்பு ஓரத்தில் துவைக்கும் முறை அச்சடித்த இன்னொன்று, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று துண்டு. கோலியனூரில் செலின் போட்டிருந்ததெல்லாம் தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்த துண்டு. மூணு மாசம் வரைக்கும் புதுத்துணி உடம்பில் படக்கூடாது என்பது அவள் அம்மா வீட்டு வழக்கம். இங்கே வந்த அன்றைக்கே பிரான்சிஸ் தான் இப்போது வேலை செய்யும் கடையிலிருந்து பை நிறையப் புதுச்சட்டை கொண்டுவந்து அடுக்கியிருந்தான்.

அவள் கத்தரிக்கோலை எடுத்த நேரம் அவன் உள்ளே வந்தான்.

“அன்பு, லேபிள்ல கை வைக்காத!”

அத்தனை சத்தமாக அவன் பேசியதே இல்லை. மரியபுஷ்பம்கூடத் திடுக்கிட்டாள்.

“புள்ளை கழுத்தைப் பாத்தீங்களா? என் கழுத்துக்கு மட்டும் பிரிச்சுக் குடுத்தீங்க. பெத்த பொண்ணு கழுத்து இளப்பமா?”

அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

“எனக்கு அம்மா சந்தையில சட்டை எடுக்கும். கம்பெனியில தள்ளுன துணி. லேபிளை வெட்டிட்டுதான் விப்பானுங்க. ஸ்கூல்ல பசங்க பின்னாலேர்ந்து வந்து காலரைத் திருப்புவானுங்க. ‘டேய், இவன் சட்டைக்குப் பேரே இல்லடா’ன்னு சிரிப்பானுங்க. என் பொண்ணு காலரை எவன் திருப்புனாலும் அதுல பேரு இருக்கணும்னு நெனைச்சேன்.”

அன்புச்செல்விக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. இத்தனை வருஷம் பேசியதில் இதை மட்டும் அவன் சொன்னதே இல்லை.

பேசியது மரியபுஷ்பம்தான். “இதெல்லாம் என்கிட்ட ஏண்டா சொல்லல? சொல்லியிருந்தா நான் சந்தையில…” முடிக்காமல் மூக்கை உறிஞ்சினாள். “சரி, நாலு மாசக் குழந்தை காலரை எவன்டா வந்து திருப்பப் போறான்? லூசுப் பயலே!”

பிரான்சிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்புச்செல்வி அவன் பக்கத்தில் உட்கார்ந்து சட்டையை அவன் மடியில் வைத்தாள்.

“கழட்டிக் குடுங்கன்னு ஒருத்தர் கேட்டார். நான் குடுத்தேன். இப்ப நான் கேக்கறேன்.”

அவன் எழுந்துபோய்த் தன் பையிலிருந்து அந்தச் சின்னக் கத்தியை எடுத்து வந்தான். விழுப்புரத்தில் இருந்த அதே கத்தி. பிடியில் மட்டும் புதுசாக நூல் சுற்றியிருந்தது. சன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, அடுக்கு காலியாகும்வரை ஒவ்வொரு சட்டையாகப் பிரித்தான். அன்புச்செல்வி பிசிறு நூலைப் பொறுக்கினாள்.

“அப்ப டப்பா பாலு?” என்றாள், மாமியாரைப் பார்க்காமல்.

“அதான் ஒரு வாரம் பாப்போம்னு இருக்கேனே,” என்றாள் மரியபுஷ்பம், அதுவரை அப்படிச் சொல்லியே இராதவள்.

புதன்கிழமை மூலைகள் மழுங்கின. அடுத்த ஞாயிறு பூசைக்குக் கிளம்பும்போது செலினின் பிடரி வெறும் பிடரியாக இருந்தது. மரியபுஷ்பம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை பார்த்தாள். இடுப்பையும் பார்த்தாள். பிறகு அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்து மகன் கையில் திணித்தாள்.

“சீல் உடைக்கல. போய்க் கடையில திருப்பிக் குடுத்துட்டு வா. ஜல்தி!”

அன்புச்செல்வி அறைக்குள் போய்க் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். செலின் சத்தம் போட்டுக் குடித்தாள். கொஞ்ச நேரத்தில் மாமியார் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, அவித்த மல்லாட்டை ஒரு கிண்ணம் நிறைய அவள் பக்கத்தில் வைத்தாள்.

“தின்னு. நல்லா பாலு ஊறும்.”