ஊதாத விசில்

கண்டக்டருக்கு விசில் ஊத வரவில்லை. கன்னம் உப்பினால்தானே காற்று சேரும்? அவருடைய கன்னத்தின் உட்புறம் வெளுத்து, காய்ந்த தோல்வார் போல இறுகிவிட்டது. அதனால் பஸ்ஸின் தகரத்தைத் தட்டத் தொடங்கினார். ஒரு தட்டு என்றால் நிறுத்து; தொடர்ந்து தட்டினால் கிளம்பு.

"என்ன மாப்ளே, விசிலுக்கு லீவா?" என்றார் டிரைவர். கண்டக்டருடைய மனைவியின் அண்ணன்.

"தட்டுனா கேக்கலையா மச்சான்?"

"கேக்குது, கேக்குது. என் தங்கச்சிகிட்ட வாய மூடி மூடியே உனக்குப் பழகிப்போச்சு."

சிரித்தபடி ஒரு பாக்குப் பொட்டலத்தைக் கிழித்து, பாதியைத் தன் வாயில் கொட்டிக்கொண்டு மீதியை நீட்டினார். கண்டக்டர் வாங்கிக்கொண்டார். உப்பு பட்டாலே எரிகிற வாய், பாக்கு போட்டால் மட்டும் கொஞ்ச நேரம் மரத்துக் கிடந்தது.

"மூணு விரல் வாய்க்குள்ள போகணும். உங்களுக்கு ஒண்ணுதான் போகுது. இந்தப் பாக்கை விடலேன்னா புத்துநோய்ல கொண்டுபோய் விட்டுடும்" என்று பல் டாக்டர் சொல்லியிருந்தார். கண்டக்டர் அதை யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கரைத்த சோற்றைக் குடித்தார். மனைவி காரத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் ஏன் என்று கேட்பதையும் நிறுத்திவிட்டாள். சொன்னால் வேலை போய்விடும். சொல்லாத வரை அது டாக்டரின் வார்த்தையாக மட்டுமே இருந்தது.

அன்று மார்க்கெட் நிறுத்தத்தில் பஸ் நகர்ந்தபோது, ஓடிவந்து ஏறிய ஒரு பெண் படியில் சறுக்கிக் கம்பியில் தொங்கினாள். கண்டக்டர் விசிலைக் கவ்வி ஊதினார். எச்சில்தான் வந்தது. கத்தினார், திறக்காத வாய்க்குள்ளேயே சத்தம் சுருண்டது. பயணிகள் பதறிப்போய்த் தகரத்தைத் தடதடவென்று அடித்தார்கள்.

கிளம்பச் சொல்கிறான் என்று நினைத்து டிரைவர் வேகத்தைக் கூட்டினார்.

பின்சக்கரம் அவள் காலில் ஏறிய பிறகுதான் பஸ் நின்றது.

ஆம்புலன்ஸ் போனதும், டிரைவர் கண்டக்டரின் கழுத்தில் தொங்கிய விசிலைப் பிடுங்கி ஊதினார். தெருவே திரும்பிப் பார்த்தது.

"விசில் நல்லாத்தானே இருக்கு! ஊதித் தொலைச்சா என்ன?"

"ஊத முடியல மச்சான்." முடிந்த மட்டும் வாயைத் திறந்து, ஒற்றை விரலை விட்டுக் காட்டினார். "மூணு போகணுமாம். பாக்குதான் காரணமாம்."

டிரைவர் போய்த் தன் இருக்கையில் உட்கார்ந்தார். போலீஸ் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

காலி பஸ்ஸின் பின்சீட்டிலிருந்து கண்டக்டர் முன்னாலிருந்த கண்ணாடியைப் பார்த்தார். அதில் டிரைவரின் வாய் தெரிந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. ஒன்று. இரண்டு. மூன்றாவது பல்லில் முட்டி நின்றது.